ஆசிட் ஊற்றியும் போகவில்லையா? படகு கழுவுவோருக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, கிழக்குக் கடற்கரை விசைப்படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம். காசிமேட்டில் படகைக் கரையேற்றிச் சுரண்டி, விரிசல் அடைத்து, பெயின்ட் அடித்து முடிக்க இந்த இரண்டு மாதம்தான் உண்டு. அவசரம் வந்ததும் ஆசிட் கேனும் வந்துவிடும். ஊற்றினால் நுரைக்கிறது, புகைகிறது, பெரிய வேலை நடப்பதாகத் தோன்றுகிறது. நமக்கு வேண்டிய வேலைதான் நடக்கிறதா என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

ஆசிட் உருப்படியாகக் கரைப்பவை இரண்டு: சுண்ணாம்புப் படிவு, உலோகத் துரு. படகின் அடியில் ஒட்டி வளரும் ஓட்டுயிரியான கொட்டலசின் ஓடும், எஞ்சின் குழாய்க்குள் இருக்கும் வெள்ளைப் படிவும் முதல் வகை. எண்ணெய், கிரீஸ், தார், வெயிலில் வெளுத்த மேற்பூச்சு, சாம்பல் ஆகியவற்றுக்கு அதனிடம் மருந்து கிடையாது. இதைச் சொன்னால், “இன்னும் கொஞ்சம் கெட்டியாக ஊற்றினால் போய்விடும் அண்ணே” என்பார்கள். கறை போகாது. அடியில் இருக்கும் உலோகம் போகும்.

ஆகவே எந்தக் கறையானாலும் முதலில் ஒரு சொட்டுச் சோதனை. மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கிடைக்கும் சிட்ரிக் அமிலத்தை வெந்நீரில் கரையுங்கள். கறையைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு ஒரு சொட்டு வையுங்கள். பொங்கினால் சுண்ணாம்பு. பொங்காமல், சிறிது நேரத்தில் பழுப்பு வெளிறினால் துரு. இரண்டும் இல்லையென்றால் ஆசிட்டை மறந்துவிடலாம்.

எந்த ஆசிட் என்பதும் முக்கியம். கடையில் வெறுமனே ‘ஆசிட்’ என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம், ஏறக்குறைய 30 சதவீதம். கழிப்பறை கழுவும் திரவங்கள் பலவற்றில் அதுவே 10 சதவீத அளவில் இருக்கிறது. மொசைக் தரைக்குப் பாலிஷ் போடுகிறவர்கள் தூவும் வெள்ளைத் தூள் ஆக்சாலிக் அமிலம். துருவை மாற்றும் திரவங்களில் இருப்பது பாஸ்பாரிக் அமிலம். பேட்டரியில் இருப்பது கந்தக அமிலம். படகில் அதற்குக் கழுவும் வேலை ஒன்றும் இல்லை. அலுமினியத்தைப் பளபளப்பாக்கும் சில திரவங்களில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருக்கும். நீர்த்த நிலையில் அது தோலில் பட்டால் உடனே வலிக்காது. சில மணி நேரம் கழித்து எலும்பு வரை வேலையைக் காட்டும். டப்பாவில் ஃபுளோரைடு என்ற சொல்லைப் பார்த்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மீன் அறையைக் கழுவும்போது தொண்டை அடைக்கிறது, கண் எரிகிறது

வேலையை அப்படியே விட்டுவிட்டு மேலே ஏறுங்கள். வாளியை எடுக்க, குழாயை மூட என்று ஒரு நொடியும் நிற்க வேண்டாம். காரணத்தை மேல்தளத்தில் நின்று யோசிக்கலாம்.

பெரும்பாலும் காரணம் பிளீச்சிங் பவுடர். மீன் இறக்கியபின் அறையைப் பிளீச்சிங் போட்டுக் கழுவுவது வழக்கம். பலகை இடுக்கில் அது தங்கியிருக்கும். அதன் மேல் ஆசிட் விழுந்தால் குளோரின் வாயு கிளம்பும். மங்கலான பச்சை மஞ்சள் நிறம், நீச்சல் குளத்து வாடை பல மடங்கு. காற்றைவிடக் கனமானது என்பதால் அறையின் அடியில்தான் தேங்கும். குனிந்து தேய்க்கிறவருக்குத்தான் முதல் அடி. இருமல் நின்றுவிட்டது என்று வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடக் கூடாது. நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது பல மணி நேரம் கழித்தும் நடக்கும். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்னொரு காரணம் இதைவிட மோசமானது. மீன் அறையின் அடிப்பலகைக்குக் கீழே, எஞ்சின் அறையின் பள்ளத்தில், கருப்பாக ஒரு சேறு தேங்கியிருக்கும். அழுகிய மீன்நீரும் கடல்நீரும் துருவும் சேர்ந்து உண்டான சல்ஃபைடு அதில் இருக்கிறது. ஆசிட் பட்டால் அது ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவாகக் கிளம்பும். முதலில் கூமுட்டை வாடை அடிக்கும். பிறகு வாடை நின்றுவிடும். வாயு போய்விட்டதால் வாடை நிற்பதில்லை. அளவு கூடும்போது மூக்கின் உணர்வே மரத்துப்போகிறது. இன்னும் அதிகமானால் ஓரிரு மூச்சிலேயே ஆள் சாய்ந்துவிடுவார்.

உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், கூட இருப்பவர் குதிக்கக் கூடாது. சொல்வது எளிது, தம்பி விழுந்து கிடக்கும்போது அண்ணன் நிற்பது கடினம் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் மூடிய அறைகளில் இறந்தவர்களில் கணிசமானவர்கள் காப்பாற்றப் போனவர்கள்தான். எல்லா மூடிகளையும் திறங்கள், புளோயர் இருந்தால் காற்றை உள்ளே செலுத்துங்கள், 108-க்கும் தீயணைப்புத் துறையின் 101-க்கும் சொல்லுங்கள். இறங்குகிறவர் இடுப்பில் முன்பே கயிறு கட்டியிருந்தால் மேலிருந்தே இழுத்துவிடலாம். அதனால்தான் கயிறு கட்டாமல் எவரையும் மீன் அறைக்குள் கழுவ அனுப்பக் கூடாது என்கிறேன்.

சரியான வழி என்ன? மீன் அறைக்கு ஆசிட்டே தேவையில்லை. அங்கே இருப்பது செதில், கொழுப்பு, இரத்தம். சோப்புத் தூளும் வெந்நீரும் தூரிகையும் அதற்குப் போதும். கடைசியில் பிளீச்சிங் போட்டு நன்றாக அலசுங்கள்.

கொட்டலசின் மேல் ஊற்றினேன். நுரைத்து அடங்கிவிட்டது, ஓடு அப்படியே நிற்கிறது

இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு லிட்டர், தன் சக்தி முழுவதையும் செலவழித்தாலும், ஏறக்குறைய 140 கிராம் ஓட்டைத்தான் கரைக்கும். நாம் வழக்கமாகக் கலக்கும் 3 சதவீதக் கலவையானால் 40 கிராம். ஒரு பருவம் தண்ணீரில் கிடந்த படகின் அடியில் கொட்டலசு கிலோக் கணக்கில் இருக்கும். அதை முழுக்க ஆசிட்டிலேயே கரைப்பது என்றால் பீப்பாய் பீப்பாயாக ஊற்ற வேண்டும். பாதி செங்குத்துப் பரப்பில் ஒட்டாமல் வழிந்து தரைக்கே போகும்.

சுரண்டுவதுதான் வேலை; ஆசிட் அதன் மிச்சத்துக்கு மட்டும். அதுவும் படகு ஏறிய அன்றே, ஈரம் காய்வதற்குள் சுரண்டுங்கள். காய்ந்த கொட்டலசு கல்லாகிவிடும். ஃபைபர் படகானால் இரும்பு உளி வேண்டாம், மரத்தகடோ கெட்டியான பிளாஸ்டிக் தகடோ எடுங்கள். ஓடு உதிர்ந்தபின் வட்ட வட்டமாக வெள்ளை அடித்தகடு நிற்கும். அதன் மேல்தான் ஆசிட் போட வேண்டும்: ஒன்பது பங்கு நன்னீரில் ஒரு பங்கு கடை ஆசிட், தூரிகையால் தடவி, நுரை அடங்கியதும் அலசி, தேவையானால் மறுபடியும். நுரை அடங்கிவிட்டால் அந்த ஆசிட் தீர்ந்துவிட்டது என்று பொருள். அதன் பிறகு ஊற வைப்பதில் பயனில்லை.

கலக்கும்போது தண்ணீரில் ஆசிட்டை ஊற்றுங்கள், ஆசிட்டில் தண்ணீரை அல்ல. பிளாஸ்டிக் வாளி மட்டுமே. தகர வாளியும் அலுமினிய அண்டாவும் அரித்துவிடும்.

எண்ணூர், பழவேற்காடு பக்கத்து ஃபைபர் படகுகளுக்கு இன்னொரு தொல்லை. காக்கா ஆழி என்று அங்கே சொல்லப்படும் வந்தேறிச் சிப்பி கழிமுகம் முழுவதும் பாய் விரித்திருக்கிறது. இது நார் விட்டு ஒட்டுவது. ஓட்டை ஆசிட் கரைக்கும். அந்த நாரோ புரதம், நீர்த்த ஆசிட்டுக்கு அசையாது. ஓடு கரைந்து நார் மட்டும் குச்சம் குச்சமாக நின்றால் ஆசிட்டின் வேலை முடிந்தது; பிறகு கத்தியும் தேய்ப்புத் தாளும்தான்.

நுரையோடு சேர்ந்து பெயின்டின் நிறமும் வழிகிறது

கீழே இருப்பது கொட்டலசு ஒட்டாமல் தடுக்கும் செம்புப் பூச்சு. அதில் இருக்கும் செம்பு ஆக்சைடை ஆசிட் கரைக்கிறது. இரண்டு நட்டம்: பணம் கொடுத்து அடித்த பூச்சு போகிறது, கரைந்த செம்பு துறைமுகத் தண்ணீரில் கலக்கிறது. மீன் குஞ்சுக்கும் இறாலுக்கும் அது நஞ்சு. அந்தப் பூச்சின் மேல் தண்ணீரும் மென்மையான தூரிகையும் தவிர வேறெதுவும் வேண்டாம்.

நீர்க்கோட்டில் கருப்புப் பட்டை. ஆசிட் முத்து முத்தாக உருண்டு ஓடுகிறது

உருண்டு ஓடினால் அது எண்ணெய். 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் சிந்தியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோதும், படகும் வலையும் ஒன்று சேரக் கருத்துப் போயின. அப்படிப்பட்ட கறையில் ஆசிட் ஊற்றுவது வீண். எண்ணெய்ப் படலம் ஆசிட்டை உள்ளே விடாது. படலம் இல்லாத இடத்தில், நம்முடைய பெயின்டையும் ஆணியையும் அது தின்னும்.

மரத்தகடால் வழித்தெடுத்து, சமையல் எண்ணெயோ டீசலோ நனைத்த துணியால் துடைத்து, பிறகு பாத்திரம் கழுவும் சோப்பு. துடைத்த துணிகளைத் தண்ணீரில் எறியாதீர்கள். முழுக்கச் சுத்தமான பிறகும் அடியில் பழுப்பு தெரிந்தால் மட்டும், கீழே வெள்ளை மஞ்சளாவது பற்றிய பகுதிக்கு வாருங்கள்.

கழிமுகப் படகுகளில் சாம்பல் நிறத்தில் மெல்லிய படிவு ஒன்று காய்ந்து நிற்கும். அனல் மின் நிலையச் சாம்பலில் பெரும்பகுதி மணலின் இனமான சிலிக்கா. ஆசிட் அதைத் தொடாது. ஈரத்துணியும் பொறுமையும் தேவை.

ஃபைபர் படகின் வெள்ளை மஞ்சளாகிவிட்டது

இதற்குத்தான் ஆக்சாலிக் அமிலம். ஒரு லிட்டர் நன்னீரில் 50 கிராம் கரைத்து, நிழலான நேரத்தில் தடவி, கால் மணி நேரம் காயாமல் பார்த்துக்கொண்டு, அலசிவிடுங்கள். ஸ்டாண்டு, போல்ட் இவற்றிலிருந்து வழிந்த துருக்கோடும் போய்விடும். தூளை மூச்சில் இழுக்கக் கூடாது. வயிற்றுக்குள் போனால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சர்க்கரை, உப்பு இருக்கும் அலமாரியில் இதை வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நிறத்தில் மூன்றும் ஒன்றுதான்.

மஞ்சள் போய் வெள்ளையாக ஒரு படலம் வந்துவிட்டதா? ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் கலந்திருப்பீர்கள். மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறிப் பல காலம் ஆகிறது. வட சென்னையின் பல தெருக்களிலும் தண்ணீர் கடினம். அதிலுள்ள சுண்ணாம்போடு ஆக்சாலிக் அமிலம் சேர்ந்தால் கரையாத வெள்ளைப் படிவு உண்டாகும். கொட்டலசு ஓட்டுக்கு இந்தத் தூளைப் போடக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். படலத்தை 3 சதவீத ஹைட்ரோகுளோரிக் கலவையால் துடைத்தால் போகும். வினிகர் கரைக்காது. அடுத்த முறை லாரித் தண்ணீரோ மழைநீரோ கொண்டு கலக்குங்கள்.

தொட்டால் கையில் மாவாக உதிர்கிறது என்றால் அது கறையே அல்ல. மேற்பூச்சை வெயில் தின்றிருக்கிறது. நீர்த்தேய்ப்புத் தாள், பாலிஷ், மெழுகு. ஆசிட் கூடாது.

ஃபைபரில் மயிர் மயிராக நார் தெரிகிறது

இங்கே கண்டிப்பாக நிறுத்த வேண்டும். மேற்பூச்சு நலமாக இருக்கும் வரை, நாரை இறுக்கிப் பிடிக்கும் ரெசின் நீர்த்த ஆசிட்டைத் தாங்கும். ஆனால் பூச்சு வெடித்து, உள்ளிருக்கும் கண்ணாடி நார் வெளியே வந்த இடத்தில் ஆசிட் பட்டால், நார் வழியாகவே உள்ளே ஏறும். படகு கட்டப் பயன்படும் சாதாரணக் கண்ணாடி நார் ஆசிட்டில் வலுவிழக்கும். சுமை தாங்கிக்கொண்டிருக்கும் இடமானால் சட்டென்று முறியும். அடிப்பகுதியும் எஞ்சின் பூட்டும் பின்பலகையும் நாள் முழுக்கச் சுமை தாங்குபவைதான். விரிசலை முதலில் அடையுங்கள், கழுவுவதைப் பிறகு பார்க்கலாம். ஏற்கெனவே பட்டுவிட்டதென்றால் நன்னீர் கொண்டு நீண்ட நேரம் அலசி, முழுக்கக் காயவைத்து, கெட்ட நாரைத் தேய்த்தெடுத்துவிட்டுப் புதுக் கண்ணாடி நார் விரிப்பு (மேட்) போடுங்கள்.

எஞ்சின் சூடாகிறது, கூலரில் ஆசிட் விட்டும் சூடு குறையவில்லை

முதலில், ஆசிட் விட வேண்டிய நோயா அது என்று பார்த்தீர்களா? கடல்நீர் வடிகட்டியில் பிளாஸ்டிக் பை, பம்பின் ரப்பர் இம்பெல்லரில் ஒடிந்த இதழ், தளர்ந்த பெல்ட், சிக்கிய தெர்மோஸ்டாட்: காசிமேட்டுக்கு வரும் சூடுகளில் பெரும்பாலானவை இந்த நான்கில் அடங்கிவிடும். வெளியேறும் தண்ணீர் போதுமான அளவு வருகிறதா என்று பாருங்கள். குறைவாக வந்தால் அடைப்பு அல்லது பம்பு. ஒடிந்த இம்பெல்லர் இதழைத் தேடி எடுக்க மறக்காதீர்கள். அது கூலரின் வாயில்தான் போய் உட்கார்ந்திருக்கும், எந்த ஆசிட்டும் அந்த ரப்பரைக் கரைக்காது. தண்ணீர் தாராளமாக வந்தும் எஞ்சின் சூடேறினால்தான் குழாய்ப் படிவைச் சந்தேகிக்க வேண்டும்.

படிவு என்று உறுதியானால், கூலரின் குழாய்க் கட்டைக் கழற்றி வெளியே கொண்டுவாருங்கள். எஞ்சினில் பூட்டியபடியே ஆசிட் சுற்ற விடுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. பம்பின் உலோகம், மற்ற உலோகங்கள் அரிக்காமல் காக்கப் பூட்டியிருக்கும் துத்தநாகக் கட்டி, அலுமினிய மூடி, ரப்பர் எல்லாவற்றையும் அது சேர்த்தே தொடும். முக்கியமாகத் துத்தநாகக் கட்டிகளைக் கழற்றிவிட வேண்டும். துத்தநாகத்தில் ஆசிட் பட்டால் கிளம்புவது ஹைட்ரஜன். பக்கத்தில் ஒருவர் பீடி பற்றவைத்தால் போதும்.

பத்து லிட்டர் வெதுவெதுப்பான நன்னீரில் ஒரு கிலோ எலுமிச்சை உப்பு. குழாய்க் கட்டை அதில் அமிழ்த்துங்கள், பாத்திரத்தை மூடாதீர்கள். ஒரு கிலோ சுண்ணாம்புப் படிவு கரைந்தால் சுமார் 240 லிட்டர் கரியமில வாயு வெளிவரும். அடைத்துவைத்தால் எங்காவது பிய்த்துக்கொண்டு போகும். நுரை அடங்கியதும் கலவையை மாற்றுங்கள். புதுக் கலவையிலும் நுரை வரவில்லையென்றால் படிவு முடிந்தது.

நீர் நீலமாகவோ பச்சையாகவோ மாறத் தொடங்கினால் உடனே வெளியே எடுங்கள். படிவு தீர்ந்து செம்புக் குழாய் கரைகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். “நல்ல நிறம் வந்திருக்கிறது, இன்னும் ஒரு மணி நேரம் ஊறட்டும்” என்று விடுவது குழாயை விலைக்கு விற்பதற்குச் சமம்.

கழுவிய பிறகு கூலர் ஒழுகுகிறதா? ஆசிட் ஓட்டை போட்டுவிட்டது என்று எல்லோரும் சொல்வார்கள். பெரும்பாலும் ஓட்டை ஏற்கெனவே இருந்திருக்கும். படிவு அதை அடைத்துக்கொண்டிருந்தது. பூட்டுவதற்கு முன் ஒரு பக்கம் அடைத்து, சிறிய அழுத்தத்தில் காற்று விட்டு, தண்ணீரில் அமிழ்த்திக் குமிழி பாருங்கள். ஆயில் கூலரானால் இந்தச் சோதனையைத் தள்ளிப்போடவே கூடாது. அது ஒழுகினால் கடல்நீர் ஆயிலில் கலக்கும், டிப்ஸ்டிக்கில் ஆயில் வெளுத்துக் கலங்கி வரும், அப்புறம் பேரிங் செலவு.

அவுட்போர்டு எஞ்சின் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வரி: அதன் உடம்பு அலுமினியம், ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கண்ணிலும் காட்டக் கூடாது. கரைக்கு வந்த ஒவ்வொரு நாளும் நன்னீரில் சிறிது நேரம் ஓட்டினால் உப்பு படியவே படியாது. படிந்துவிட்டதென்றால் வினிகரும் தண்ணீரும் சம அளவு.

ஆசிட்டில் கழுவிய உலோகம் முன்பைவிட மோசமாகிவிட்டது

எந்த உலோகம் என்பதைப் பொறுத்தது.

ஸ்டெயின்லெஸ் ஷாஃப்டிலும் கைப்பிடியிலும் ஊசிக்குத்துப் போலப் புள்ளிகள் வந்திருந்தால், ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் குளோரைடு குழி பறித்திருக்கிறது. கடல்நீருக்கு ஏற்றதென்று விற்கும் 316 தரமும் இதற்குத் தப்பாது. குழியை ஆற்ற முடியாது. நன்னீரில் கழுவி, பாலிஷ் போட்டு, ஆழத்தைப் பார்த்து மாற்றுவதா என்று முடிவு செய்யுங்கள். ஸ்டெயின்லெஸ் மேல் தெரியும் பழுப்புக்கு எலுமிச்சை உப்பு அல்லது பாஸ்பாரிக் போதும்.

பித்தளையிலோ புரொப்பெல்லரிலோ மஞ்சளுக்கு நடுவே இளஞ்சிவப்புத் திட்டு தெரிந்தால், துத்தநாகம் வெளியேறிச் செம்பு மட்டும் கடற்பஞ்சாக நிற்கிறது. சுத்தியால் மெல்லத் தட்டுங்கள்; கணீரென்று ஒலிக்காமல் மந்தமாக ஒலித்தால் அந்த இதழை நம்ப முடியாது. இது ஆசிட்டால் மட்டுமல்ல, மின்கசிவாலும் துத்தநாகக் கட்டி தீர்ந்துபோவதாலும் வரும். இரண்டையும் பாருங்கள்.

நங்கூரச் சங்கிலியை ஆசிட்டில் போட்டு எடுத்தவுடன் வெள்ளி போல மின்னும், ஒரே இரவில் செம்மண்ணாகும். துருவோடு துத்தநாகப் பூச்சும் போய்விட்டது என்பதே அதன் பொருள். வின்ச் கம்பியை ஆசிட்டில் நனைப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். இழைகளுக்கு நடுவே போன ஆசிட்டை யாராலும் அலசி எடுக்க முடியாது. வலை நிறைந்து வரும் நாளில் கம்பி அறுந்தால் அருகில் நிற்கிறவர் உயிர் போகும். கம்பிக்குத் துரு வந்தால் தூரிகை, கிரீஸ். இழை அறுந்தால் புதுக் கம்பி.

சாதாரண இரும்புக்குப் பாஸ்பாரிக் தடவினால் துரு கருஞ்சாம்பல் படலமாக மாறும். அது சேதமல்ல, அதன் மேலேயே பிரைமர் அடிக்கலாம்.

பக்கத்தில் கிடந்த வலை கை வைத்த இடத்தில் கிழிகிறது

நைலான் வலை. நைலானுக்குக் கனிம அமிலங்கள் எமன். தெறித்த இடம் அன்றைக்குத் தெரியாது, காய்ந்து செறிவு ஏறியபின் இழை விட்டுவிடும். இழுவலைக்குப் பயன்படும் பாலிஎத்திலீன் நூலுக்கும் பாலிப்ரொப்பிலீன் கயிற்றுக்கும் இந்தப் பயம் குறைவு. செவுள் வலை வைத்திருப்பவர்கள் ஆசிட் வேலை நடக்கும் படகிலிருந்து வலையைத் தூக்கி எட்டப் போடுங்கள். உங்கள் லுங்கியில் மறுநாள் வரும் ஓட்டைகளும் இதே கதைதான்.

மரப் படகில் ஆணியைச் சுற்றிக் கருப்பு

தேக்கிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்த கறை. ஆக்சாலிக் கலவை தடவினால் வெளுக்கும். ஹைட்ரோகுளோரிக் ஊற்றினால் ஆணியும் கரையும், ஆணியைப் பிடித்திருக்கும் மர நாரும் கெடும். கருப்பு திரும்பத் திரும்ப வந்தால் கறையை விட்டுவிட்டு ஆணியை மாற்றுங்கள்.

ஆசிட் தெறித்துவிட்டது

தோலில் பட்டால் துணியைக் கழற்றி எறிந்துவிட்டு, ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம். கண்ணில் பட்டால் இமையை விரலால் பிரித்துப் பிடித்து அதே அளவு நேரம். கண்ணிலோ தோலிலோ சமையல் சோடா போட்டுச் சமன் செய்கிறேன் என்று இறங்காதீர்கள். அந்தச் சூடு புண்ணைக் கூட்டும். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. கீழே இறங்கும்போது ஒரு முறை சுட்டது மேலே வரும்போது மறுபடி சுடும். கழுவியபின் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போங்கள், டப்பாவையோ அதன் பெயரையோ எடுத்துக்கொண்டு.

முகத்தில் கட்டும் துண்டு ஆவியைத் தடுக்காது. வெல்டிங் கண்ணாடிக்குப் பக்கவாட்டில் அடைப்பு இருக்காது. ரப்பர் கையுறை, முழுக்க மூடிய கண்ணாடி, இவற்றோடு காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி நிற்பது. காலையில் கரைக்காற்று, நண்பகலை ஒட்டிக் கடற்காற்று திரும்பும்; அப்போது நிற்கும் இடத்தையும் மாற்ற வேண்டும்.

புதுப் பெயின்ட் சில வாரத்திலேயே தகடு தகடாக உரிகிறது

ஆசிட் மிச்சம் இருந்திருக்கிறது. கழுவியபின் சமையல் சோடாக் கரைசலால் ஒரு முறை துடைத்து, நன்னீரில் அலசி, ஈரமாக இருக்கும்போதே, அமிலத்தன்மை காட்டும் பி.எச். தாளை ஒட்டிப் பாருங்கள். கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் தொட்டிக்கென்று விற்கும் தாளே போதும். ஏழுக்குப் பக்கத்தில் வரும் வரை அலச வேண்டும். வாளியில் மிஞ்சிய கலவையையும் அப்படியே துறைமுகத்தில் கவிழ்க்காதீர்கள். 3 சதவீதக் கலவை ஒரு லிட்டருக்குச் சுமார் 70 கிராம் சமையல் சோடா. கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு நுரை நிற்கும் வரை கலக்குங்கள்.

எஞ்சின் அறையில் எதைத் தொட்டாலும் துரு. விளக்கு விட்டு விட்டு எரிகிறது

ஆசிட் கேனை உள்ளேயே வைத்திருக்கிறீர்கள். மூடி இறுக்கமாக இருந்தாலும் ஹைட்ரோகுளோரிக் ஆவி கசியும். ஸ்பானர், ஒயர் முனை, ஸ்டார்ட்டர், அல்டர்னேட்டர் என்று ஒன்றையும் விடாது. கேனை வெளியே கொண்டுவந்துவிட்டு, ஒயர் முனைகளைக் கழற்றித் தேய்த்து, வாஸ்லின் தடவிப் பூட்டுங்கள். பேட்டரி முனையில் பூத்திருக்கும் வெள்ளைக்குச் சமையல் சோடாவும் வெந்நீரும். அங்கே ஆசிட் போட்டுத் தேய்க்கிறவர்களும் இருக்கிறார்கள்.

மீதி ஆசிட்டைக் கரையில், நிழலில், வாங்கி வந்த கேனிலேயே வையுங்கள். தண்ணீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ மாற்றி ஊற்ற வேண்டாம். வெயிலில் வேலை செய்கிறவன் பாட்டிலைக் கண்டால் வாயில்தான் வைப்பான். வாங்கும்போதே தேவைக்கு மேல் வாங்காமல் இருப்பது இன்னும் நல்லது. 2013-இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுப்படி, ஆசிட் விற்கும் கடைக்காரர் வாங்குபவரின் பெயர், முகவரி, அளவு ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுத வேண்டும், அரசு அடையாள அட்டையைப் பார்க்க வேண்டும், எதற்கு என்று கேட்க வேண்டும், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்குக் கொடுக்கவே கூடாது. படகில் எடுபிடி வேலை செய்யும் பையனை அனுப்பாமல், அட்டையை எடுத்துக்கொண்டு நீங்களே போங்கள்.